சுறா எண்ணெய் பூசின பிடில்

கல்லடியில பழைய பாலத்துக்குப் பக்கத்தில புதுப்பாலம் கட்டிக்கொண்டிருந்தாங்களே, அந்தக் காலம். வருசம் எனக்குத் தெரியா. நான் ரெண்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்த விட்டவன், வருசக் கணக்கெல்லாம் எனக்கு வராது. ஆனா அந்தப் பெரிய வெள்ளம் வந்திச்சே, ஆறு எது, வயல் வட்டை எது எண்டு தெரியாம எல்லாம் ஒரே தண்ணியாக் கிடந்திச்சே, அது வடிஞ்சதுக்குப் பிறகு. பாலத்து வேலைச் சத்தம் ஆத்துக்குள்ள நல்லாக் கேக்கும். டொம், டொம் எண்டு. சண்டை முடிஞ்சி கொஞ்சக் காலந்தானே, அந்தச் சத்தம் கேட்டா என்ட மனிசி குசினிக்குள்ள குந்திப்போடுவாள். "அது பாலம் புள்ள, பாலம்" எண்டு நான் சொல்லுவன். "எனக்குத் தெரியும், என்ட முழங்காலுக்குத்தான் தெரியல்ல" எண்டுவாள்.

அந்த நேரந்தான் கொழும்பில இருந்து நாப்பது பேர் வந்தாங்க. நாப்பது பேரும் தந்தி வாத்தியம். மேளம் இல்ல, குழல் இல்ல. வயலின், வயலினுக்கு அண்ணன், அதுக்கு அப்பன், அப்பனுக்கும் அப்பன் எண்டு ஆளுயரத்தில ஒரு சாமான். அந்தக் கதையத்தான் சொல்லப்போறன். ஆனா அதுக்கு முதல், ஒரு பிடில் எப்பிடி என்ட வீட்ட வந்து கிடந்ததெண்டு சொல்லோணும். இல்லாட்டி உங்களுக்கு விளங்காது.

எனக்கு ஒரு கூட்டாளி இருக்கான். பறங்கி ஆள், ஆத்துக்கு அங்கால கடலோரம் டச்பாரில இருந்தவன். மரவேலை செய்யிறவன் எண்டபடியா எல்லாரும் ஓடாவி எண்டுதான் கூப்பிடுறது, நானும் அப்பிடியே சொல்லுறன். அவன்ட பூட்டனுக்குப் பூட்டன் கப்பல்ல வந்தவராம். இவன் தோணியில ஏறினாலே சிலுவை போடுவான். ஆனா பிடில் எடுத்தான் எண்டா அவனைப் போல ஒருத்தன் இல்ல. கடுதாசி பாத்து வாசிக்கிறவன் இல்ல, அப்பனைப் பாத்து வாசிச்சவன். அவங்கட கலியாணத்தில பிடில் இல்லாட்டி பொம்பிளை மாப்பிள்ளை ஆட ஏலா. ஆடாட்டி, தாலி மோதிரம் எது போட்டாலும் கலியாணம் முடிஞ்சதா அந்தக் கிழவிகள் ஒத்துக்கொள்ளாதுகள். ஓடாவி பிடில், அவன்ட தம்பி மண்டலின். தம்பி எப்பவும் வலப்பக்கந்தான் இருப்பான்.

எனக்கும் ஓடாவிக்கும் பழக்கம் வந்தது தங்கூசியால. தூண்டில் போடுற நைலோன் நூல் இருக்கே, அதத்தான் தங்கூசி எண்டுறது. நான் ஆத்தில மீன் பிடிக்கிறவன், என்னட்ட எந்த நேரமும் கிடக்கும். சண்டைக் காலத்தில அரிசி பருப்பு வாறதே பெரிய பாடு, பிடில் கம்பி ஆர் கொண்டுவாறது? அவன் என்னட்ட வருவான். "மச்சான், மெல்லிய குரலுக்கு மணலை மீனுக்குப் போடுற நூல் தா, அதுக்கு அடுத்ததுக்குக் கொடுவாக்குப் போடுறது தா" எண்டு கேப்பான். தடிச்ச குரல் ரெண்டுக்கும் சைக்கிள் பிறேக் கம்பியப் பிரிச்சிப் பூட்டுவான். அதிலதான் எத்தினை கலியாணம் ஆடிச்சி! ஒருக்கா ரோட்டுச் சோதனைச் சென்றியில ஆமிக்காரன் பெட்டியத் திறக்கச் சொல்லி, பாத்துப்போட்டு, வாசிச்சிக் காட்டு எண்டானாம். இவன் வெயிலுக்குள்ள நிண்டு வாசிச்சான். ஆமிக்காரன்ட சப்பாத்து தாளம் போட்டிச்சி. ஒண்டு முடிய இன்னொண்டு எண்டு கேட்டான். பின்னுக்கு வரிசையில நிண்ட சனம் கத்திச்சி, "ஓடாவி, நல்லா வாசிக்காத, நாங்க வேலைக்குப் போகோணும்!"

சரி. ஒரு வருசம் நத்தார், யேசு பிறந்த பெருநாள் அண்டைக்கு, ஆத்துக்கு இந்தப் பக்கம், எங்கட ஒழுங்கையில ஒரு வீட்ட, அண்ணனும் தம்பியும் வாசிச்சாங்க. அந்திபட நான்தான் அவங்களத் தோணியில கொண்டு விட்டது. என்ட தோணி அப்ப தண்ணி ஊறும். ஓடாவி ஏறக்கொள்ளவே கீழ பாத்துப்போட்டு, "மச்சான், நான் நனைஞ்சா காய்ஞ்சிபோவன், பிடில் நனைஞ்சா போச்சி. உன்ட வீட்ட இருக்கட்டும். நாளைக்கு ஞாயிறு, பூசை முடிய வந்து எடுக்கிறன்" எண்டான்.

அந்த ஞாயிறு விடியத்தான் கடல் வந்தது.

அத நான் நீட்டல்ல. எங்கட பக்கத்துக்கு முழங்கால் தண்ணிதான் வந்திச்சி. அவங்கட பக்கம் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போச்சி. ஓடாவியையும் அவன்ட மனிசியையும் ஆத்தோரக் கண்ணா மரப் பத்தைக்குள்ள இருந்து உயிரோட எடுத்தாங்க. தம்பி இல்ல.

ஒரு மாசம் இருக்கும், என்ட வீட்டுக்கு வந்தான். முத்தத்தில கதிரை போட்டன். உள்ளுக்குப் போய் பிடில் பெட்டிய எடுத்து வந்தன்.

"வை உள்ளுக்கு" எண்டான்.

"உன்ட சாமான்தானேடா."

"என்ட சாமான்தான். வாசிக்கக்க நான் வலப்பக்கம் கிறுகிப் பாத்துத்தான் அடுத்த மெட்டுக்குத் தாவுறது. கிறுகினா ஆர் இருக்கா இப்ப?"

நான் பெட்டியத் திரும்ப உள்ளுக்கு வச்சன். தேத்தண்ணி குடிச்சிப்போட்டுப் போயிட்டான். மறுகாவும் ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்டுப் பாத்தன். "கிடக்கட்டும்" எண்டுவான். மரவேலை செய்தான், சிரிச்சான், பகிடி விட்டான், பிடில் கதை எடுத்தா மட்டும் எழும்பிப் போயிடுவான். கலியாண வீட்டுக்காரரும் கேட்டுக் கேட்டு விட்டுட்டாங்க. ஸ்பீக்கர்ல பெட்டிப் பாட்டுப் போட்டு ஆடத் தொடங்கிட்டாங்க.

அப்ப பிடில் என்ட பொறுப்பாப் போச்சி. எண்டைக்காவது கேப்பான், கேக்கக்க நல்லாக் குடுக்கோணும், அது ஒண்டுதான் என்ட மனசுக்குள்ள. என்ன செய்யலாம் எண்டு யோசிச்சன். தோணியும் மரம், பிடிலும் மரம். மாரி முடிஞ்சி பொங்கல் கழிய, நான் தோணியக் கரையில கவுத்துப் போட்டு, காயவிட்டு, சுறா எண்ணெய் பூசுவன். பூசாட்டி வெயிலுக்கு வெடிச்சிப்போடும். அதே துணியால பிடிலுக்கும் பூசினன். வருசத்துக்கு ரெண்டு தரம். வெளியில மட்டும் பூசினாக் காணுமா? தோணிக்கு உள்பக்கமும் பூசுறதானே. பிடில்ல வளைஞ்ச ஓட்டை ரெண்டு இருக்குதே, அதால கோழி இறகு விட்டுத் தொட்டுத் தொட்டு உள்ளுக்கும் பூசினன். நல்லாக் குடிச்சிச்சி.

என்ட மனிசி பாத்துக்கொண்டு இருப்பாள். "என்னப் பெத்த தாய் கூட எனக்கு இவ்வளவு எண்ணெய் வைக்கல்ல" எண்டுவாள். அவளுக்குப் பூனைப் பிரச்சினை. ஒழுங்கையில உள்ள பூனையெல்லாம் எங்கட வீட்டுக்குள்ளதான். பெட்டியக் கறையான் தின்ன, நான் பிடில உரப்பைக்குள்ள போட்டுக் கூரை வளையில தூக்கினன். கீழ இருந்து அஞ்சு பூனை அண்ணாந்து பாத்துக்கொண்டிருக்கும், பூசைக்கு வந்த ஆக்கள் மாதிரி.

இன்னொண்டும் செய்தன். ஒருநாள் துடைக்கக்க உள்ளுக்கு ஏதோ கிலுகிலு எண்டு உருண்டிச்சி. கண்ண வச்சிப் பாத்தா ஒரு குச்சி. சுண்டுவிரல் நீளம் இருக்காது. ஏதோ முறிஞ்சி விழுந்திட்டுது எண்டு நினைச்சி, தூண்டிலால கொழுவி வெளியில எடுத்தன். நல்ல வழுவழுப்பான குச்சி, எறிய மனம் வரல்ல. தங்கூசி சுத்தி மடிக்குள்ள வைக்கிறத்துக்கு நல்லா இருந்திச்சி.

இப்பிடி இருக்கக்கதான் ஒருநாள் ஓட்டோவில ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தாங்க. சனிக்கிழமை பின்நேரம் டவுனில பள்ளிக்கூட மண்டபத்தில வயலின் கச்சேரி, கொழும்பில இருந்து நாப்பது கலைஞர், எல்லாரும் வாங்க, காசில்ல. அதோட இன்னொண்டும் சொன்னாங்க: வீட்ட பழுதான வயலின் இருக்கிற ஆக்கள் அண்டைக்கு விடியக் கொண்டுவந்தா இலவசமாத் திருத்தித் தருவாங்களாம். நான் வலை பொத்திக்கொண்டிருந்தன். ஊசிய வச்சிட்டு எழும்பினன்.

மனிசி கேட்டாள், "எங்க?"

"சனிக்கிழமைக்குச் சேட்டுத் தோய்க்கோணும்."

"இண்டைக்குச் செவ்வாய்."

"அது காயோணுமே."

அதுக்குள்ள ஓடாவிக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலை கிடைச்சிட்டுது. மண்டபத்து மேடை சின்னன், நாப்பது பேருக்குக் காணாது. முன்னுக்குப் பலகை மேடை நீட்டித் தரச்சொல்லி அவனைக் கூப்பிட்டாங்க. நான் போய்ப் பாத்தன். முதிரை மரக் கால் போட்டு, மருதம் பலகை அடிச்சிக்கொண்டிருந்தான்.

"கச்சேரி பாக்க வருவாய்தானே?" எண்டன்.

"பாக்க இல்ல, பலகைக்குக் காவல் வருவன்."

அவனிட்ட ஒரு பழக்கம். அப்பன் பழக்கினது. கலியாண வீட்ட ஆட மேடை போட்டா, முதல் ஆட்டம் முடியுமட்டும் போட்டவன் மேடைக்குக் கீழ இருக்கோணும். கொட்டாப்புளி எண்ட மரச் சுத்தியலும் ஆப்பும் கையில. எந்தக் கால் கிறீச் எண்டு சொல்லுதோ அதுக்கு ஆப்பு இறுக்கோணும். மேல ஆடுற ஆக்களுக்குத் தன்ட தலைதான் உத்தரவாதம் எண்டு காட்டுற மாதிரி. பிடில் வாசிச்ச காலத்தில அந்த வேலைய அப்பன் பாத்தாரு. இப்ப இவன்.

சனிக்கிழமை விடிய உரப்பையையும் தூக்கிக்கொண்டு சைக்கிள்ல போனன். பள்ளிக்கூட விறாந்தையில மேசை போட்டு ஒரு ஐயா இருந்தார். சிங்கள ஆள், கண்ணாடி, வெள்ளைத் தாடி, கொஞ்சம் தமிழ் கதைப்பார். எனக்கு முன்னுக்கு நாலஞ்சு பேர். ஒருத்தர் கொண்டுவந்தது பட்டுத் துணி சுத்தின வயலின். நான் பையத் திறந்தன்.

ஐயா மூக்கத் தூக்கினார். அங்கயும் இங்கயும் பாத்தார். பள்ளிக்கூடத்துப் பூனை ஒண்டு வந்து மேசைக்குக் கீழ இருந்திட்டுது.

"இது... என்ன மணம்?"

"சுறா எண்ணெய் ஐயா. நல்ல சுறா, கலப்படம் இல்ல."

"வயலினுக்கா?"

"ஓம். உள்ளுக்கும் பூசியிருக்கன்" எண்டன், பெருமையா.

மனிசன் கண்ணாடியக் கழட்டி வச்சார். மறுகா மெதுவாக் கேட்டார், "எத்தினை தரம்?"

"வருசத்துக்கு ரெண்டு. ஒரு தரமும் பிந்தல்ல."

அவர் பிடிலத் தூக்கி, விரலால தட்டிப் பாத்தார். தொப், தொப் எண்டிச்சி. நனைஞ்ச தோணியத் தட்டினாக் கேக்கிற சத்தம். ஓட்டையால லைட்டடிச்சிப் பாத்தார். "உள்ள ஒரு குச்சி நிக்கோணுமே. அதுதான் சத்தத்தத் தாங்கிறது. எங்க?"

நான் மடியில இருந்து எடுத்து மேசையில வச்சன். தங்கூசியும் ஊசியும் சுத்தினபடி.

அவர் அதப் பாத்தார், என்னைப் பாத்தார், பூனையப் பாத்தார். சிரிக்கத் தொடங்கினார் பாருங்க, கண்ணால தண்ணி வந்திட்டுது. எனக்குச் சிரிப்பு வரல்ல. "ஐயா, இது என்ட சாமான் இல்ல. கூட்டாளிட சாமான். கடல் வந்த நாளில இருந்து அவன் வாசிக்கிறதில்ல. நான் நல்லா வச்சிருக்கன் எண்டு நினைச்சித்தான்..." எண்டன்.

அவர் சிரிப்ப நிப்பாட்டினார். தூண்டில் நூலத் தன்ட கையாலயே பிரிச்சார். மத்த ஆக்களத் தள்ளி வச்சிட்டு மத்தியானம் தாண்டியும் அதோடயே இருந்தார். ஏதோ தண்ணி போட்டுத் துடைச்சார், துணி துணியா எண்ணெய் வந்திச்சி. வளைஞ்ச கம்பி ஒண்டால அந்தக் குச்சிய உள்ளுக்கு விட்டு நட்டார். புதுக் கம்பி நாலு பூட்டினார். பையில கிடந்த வில்லிட மயிரப் பூச்சி தின்னிட்டுது, அதுக்குப் பதிலா தன்ட பழைய வில்லு ஒண்டத் தந்தார். அந்த வில்லுக்கு ஒரு கட்டியத் தேச்சார் பாருங்க, மணத்திலேயே எனக்குத் தெரிஞ்சிட்டுது. எங்கட குங்கிலியம்! தோணி ஓட்டையில காய்ச்சி ஊத்துற குங்கிலியந்தான். நல்லகாலம், அது எனக்கு முந்தியே தெரியாமப் போச்சி. தெரிஞ்சிருந்தா ஓட்டை ரெண்டையும் அடைச்சிருப்பன்.

கடைசியா ஐயா சொன்னார், "வாசிக்கலாம். ஆனா பழைய குரல் வராது. மரம் குடிச்சிட்டுது." நான் பையக் கையில வாங்கினன். போனது கூட்டாளிட பிடில், திரும்பினது வேற பிடில். இத அவனிட்ட எப்பிடிக் குடுக்கிற? குடுத்தா, வாசிக்காதவன் வாசிக்காமலே விட்டிடுவானே.

பின்நேரம் மண்டபம் நிறைஞ்சிட்டுது. பறங்கி ஆக்கள் எல்லாம் கோட்டும் சப்பாத்தும், கிழவிகள் தொப்பியோட. எங்கட ஆக்கள் வேட்டியோட. வட்டைக்குள்ள வேலை முடிச்சி நேர வந்த ஆக்கள் சாறனோட. மேடையில அந்த நாப்பது பேரும் வந்து இருந்தாங்க. சின்னப் பிள்ளைகளும் கிடக்கு, தாடிக்காரரும் கிடக்கு. முன்னுக்கு ஒரு அம்மா குச்சியோட நிண்டா. அவ குச்சியத் தூக்க, நாப்பது வில்லும் ஒண்டாத் தூக்கிச்சி. கரைவலை இழுக்கிறதப் பாத்திருக்கிறயளா? கரையில தலைவன் மண்டாடி நிண்டு கையக் காட்ட, நாப்பது பேரும் ஒரே மூச்சில இழுப்பாங்களே. அப்பிடித்தான். ஆனா இஞ்ச இழுக்க இழுக்க வலை வரல்ல, சத்தம் வந்திச்சி. அம்மாடி! எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழும்பிச்சி.

ஓடாவியக் காணல்ல. எனக்குத் தெரியும் எங்க இருப்பானெண்டு. பக்கத்தால போய், மேடையச் சுத்திக் கட்டின துணியத் தூக்கிக்கொண்டு, உரப்பையோட மேடைக்குக் கீழ பூந்தன். கொட்டாப்புளியோட குந்திக்கொண்டிருந்தான். "ஸ்ஸ்... தலை, தலை" எண்டான். இடிச்சிப்போட்டன்.

நான் சொல்லுறன், கேளுங்க. அந்தக் கச்சேரிய முன்னுக்குக் கதிரையில இருந்து கேட்டவங்க பாதிதான் கேட்டாங்க. கீழ இருந்து நாங்கதான் முழுசாக் கேட்டது. பலகையெல்லாம் பாடிச்சி. முதிரைக் கால்ல கைய வச்சா, உள்ளங்கைக்குள்ள வண்டு பறக்கிற மாதிரி அதிருது. தடிச்ச சத்தம் முதுகால வருது, மெல்லிய சத்தம் உச்சந்தலையில விழுது. ஒரு பிடிலுக்குள்ள எங்கள ரெண்டு பேரையும் பூட்டி வச்ச மாதிரி.

திடீரெண்டு ஓடாவிட தலையில மரத்தூள் கொட்டிச்சி. மேல பாத்தான். "எவனோ என்ட பலகைக்கு ஆணி அடிக்கிறான்!" எண்டு பல்லைக் கடிச்சான். ஒரு மெட்டு முடிஞ்சி சனம் கை தட்டக்க வெளியில பாஞ்சான். ஆளுயரச் சாமான் இருக்குதே, அதுக்குக் கீழ கூரான இரும்புக் கால் ஒண்டு. அதுதான் பலகையக் குத்திக்கொண்டு நிண்டது. இவன் போய் அத வாசிச்ச தாடிக்காரரிட்ட விரல நீட்டிச் சண்டை. அவருக்குத் தமிழ் விளங்கல்ல, இவனுக்குச் சிங்களம் வராது. மறுகா இவனே ஒரு துண்டுப் பலகையில குழி தோண்டிக் கொண்டுபோய் அந்தக் காலுக்குக் கீழ வச்சான். தாடிக்காரர் எழும்பிக் குனிஞ்சி கும்பிட்டார். சனம் அதுக்கும் கை தட்டிச்சி.

திரும்பக் கீழ வந்தவன் மூக்கச் சுழிச்சான். "மச்சான், இஞ்ச எலி ஒண்டு செத்துக் கிடக்கு."

நான் உரப்பையப் பின்னுக்குத் தள்ளினன்.

"இல்ல, மீன் மணம். நீ குளிச்சிட்டு வரல்லயா?"

மேல மெல்லிய மெட்டு ஒண்டு தொடங்கிட்டுது. அழவேணாம் எண்டு பிள்ளைய ஆராட்டுற மாதிரி. அதுக்குள்ள நான் அவன்ட காதுக்குள்ள எல்லாத்தையும் சொன்னன். எண்ணெய், கோழி இறகு, குச்சி, தூண்டில், ஐயா சொன்னது, எல்லாம். "நல்லா வச்சிருக்கன் எண்டு நினைச்சி நாசமாக்கிட்டன்டா" எண்டன்.

இருட்டுக்குள்ள அவன் பைய இழுத்து எடுத்தான். பிடில வெளியில எடுத்துத் தடவினான். மூக்கில வச்சான். அவன்ட தோள் குலுங்கிச்சி. அழுறான் எண்டு நினைச்சி நான் அவன்ட முதுகில கை வச்சன். பாத்தா சிரிக்கிறான்! முகம் துடைக்கிற லேஞ்சிய வாய்க்குள்ள அடைஞ்சி வச்சிச் சிரிக்கிறான். "கோழி இறகா? கோழி இறகாலயா?" எண்டு கேக்கிறான், மறுகாவும் சிரிக்கிறான். எனக்கும் தொத்திட்டுது. மேல அவ்வளவு பேரும் உருகி உருகி வாசிக்க, கீழ ரெண்டு கிழட்டு மாடுகள் வாயப் பொத்திக்கொண்டு உருண்டிச்சிதுகள்.

கடைசி மெட்டு. அந்த அம்மா மைக்கில சொன்னா, இது இந்த ஊர்ப் பறங்கி ஆக்கள் ஆடுற மெட்டு, நாங்க எழுதி எடுத்து வாசிக்கிறம் எண்டு. ஓடாவி சிரிப்ப நிப்பாட்டிட்டான். மேல தொடங்கிச்சி. நல்லாத்தான் இருந்திச்சி, ஒரு பிழை இல்ல. ஆனா துணி இடுக்கால பாத்தா, தொப்பி போட்ட கிழவிகள் அசையாம இருக்குதுகள்.

"கால் இல்ல இதுக்கு" எண்டான் ஓடாவி.

"நல்லாத்தானே வாசிக்கிறாங்க."

"நடக்கத் தெரியுது. நொண்டத் தெரியல்ல. இந்த மெட்டு ஒரு கால்ல கொஞ்சம் நொண்டோணும், அப்பதான் ஆட வரும்." கொஞ்சம் பொறுத்துப் பாத்தான். பொறுக்க ஏலாமப் போச்சி. கொட்டாப்புளிய எடுத்து முதிரைக் கால்ல தட்டத் தொடங்கினான். டக்... டடக். டக்... டடக்.

பலகையால அந்த அடி மேல போச்சி. நாப்பது பேருட உள்ளங்காலுக்கும் போயிருக்கும். மேடை உடையுது எண்டு நினைச்சி முன் வரிசையில ஒரு பெரிய மனிசர் கதிரையோட பின்னுக்குப் போனார். ஆனா அந்த நாப்பது பேரும் கெட்டிக்காரர்! முதல் வயலின்ல இருந்த பிள்ளை கீழ குனிஞ்சி பாத்துச் சிரிச்சாளாம், பிறகு சொன்னாங்க. அவள் முதல் நொண்டினாள். மறுகா அவள்ட வரிசை. மறுகா எல்லாரும். அந்த ஆளுயரச் சாமானும் டும்... டுடும் எண்டு நொண்ட, தொப்பி போட்ட கிழவி ஒருத்தி எழும்பினா. பாவாடையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா. அவ்வளவுதான். கதிரையெல்லாம் சுவரோரம் போச்சி. கோட்டுக்காரர், வேட்டிக்காரர், சாறன்காரர், எல்லாரும் ஒரே ஆட்டம்.

மெட்டு முடிய அந்த அம்மா மேடையில இருந்து குனிஞ்சி, "கீழ ஆர் இருக்கிறது? வெளியில வாங்க" எண்டா. ஓடாவி ஊர்ந்து போனான். தலையெல்லாம் மரத்தூள், ஒரு கையில கொட்டாப்புளி, மறு கையில பிடில். பையில வைக்க மறந்திட்டான். அதக் கண்ட பறங்கிக் கிழவிகள் ஒரே சத்தம். "அடியே, எடுத்திட்டானடி! பிடில எடுத்திட்டான்!"

அவன் கையில இருக்கிறதப் பாத்தான். அப்பதான் அவனுக்கே தெரிஞ்ச மாதிரி. அந்தப் பிள்ளை தன்ட வயலின நீட்டினாள், "ஐயா, இதில வாசிச்சிக் காட்டுங்க" எண்டு. இவன், "வேணாம் மகள். என்ட வாசம் உன்ட வயலினுக்குப் பிடிச்சிடும்" எண்டான். கொட்டாப்புளிய வச்சிட்டு, பின்னால ஊர்ந்து வந்த நான் பையில இருந்து நீட்டின வில்ல வாங்கி, சுறா எண்ணெய்ப் பிடிலத் தோளில வச்சான்.

முதல் இழுப்பில ஒரு சத்தம் வந்திச்சி பாருங்க, சளித் தடிமன் பிடிச்ச ஆள் கூப்பிடுற மாதிரி. அவன் வில்ல நிப்பாட்டி, கொஞ்சம் யோசிச்சி, மறுகா அழுத்தாம மெதுவா இழுத்தான். அந்தத் தடிமன் குரலுக்கு ஏத்த மாதிரி மெட்டக் கீழ இறக்கினான். அவ்வளவுதான், பிடிச்சிட்டான். நொண்டி நொண்டி ஓடத் தொடங்கிட்டுது. ஒரு கட்டத்தில பழக்கத்தில வலப்பக்கம் கிறுகினான். நான் கண்ண மூடிட்டன், இதோட நிப்பாட்டப்போறான் எண்டு. நிப்பாட்டல்ல. அங்க நாப்பது பேர், வில்லத் தூக்கிப் பிடிச்சபடி, அவன் தலையாட்டுறத்துக்காகப் பாத்துக்கொண்டிருந்தாங்க. இவன் தலையாட்டினான். அவங்க அடுத்த மெட்டுக்குத் தாவினாங்க.

எவ்வளவு நேரம் வாசிச்சானெண்டு எனக்குத் தெரியா. என்ட மனிசி எப்ப வந்தாளோ, அவளும் கிழவிகளோட சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தாள். முழங்கால் ஒண்டும் மடங்கல்ல. திருத்தின ஐயா விறாந்தையில நிண்டு, கண்ணாடியத் துடைக்கிறதும் போடுறதுமா இருந்தார்.

முடிய நான் உரப்பையக் கொண்டுபோய் நீட்டினன். "வை மச்சான், நான் கொண்டுபோய்..." எண்டன் பழக்கத்தில. "நீயா?" எண்டான். "உன்னட்ட இனி ஒரு அகப்பை கூடத் தர மாட்டன்." பிடிலக் கக்கத்துக்குள்ள இறுக்கிக்கொண்டு, மனிசியோட பழைய பாலத்தால நடந்து போனான். நான் பாத்துக்கொண்டே நிண்டன்.

அதுக்குப் பிறகு எத்தினை கலியாணம்! இப்ப அவனுக்கும் எழுபது தாண்டிட்டுது, இருந்தும் கை நடுங்கல்ல. அந்தப் பிள்ளை நத்தாருக்கு நத்தார் கடுதாசி போடுறாள், நொண்டி மெட்டு இன்னொண்டு சொல்லித் தாங்க எண்டு.

ஆனா ஒரு குறை. அவன் வாசிக்கிறத விட்டிட்டான் எண்டு இன்னும் நினைச்சிக்கொண்டிருக்கிற ஆக்கள் இருக்காங்க. அண்டைக்கு மண்டபத்துக்கு வராத ஆக்கள், ஊர விட்டுப் போய்த் தூரத்தில இருக்கிற ஆக்கள். கேட்டா அவன்ட மனசு நோகுமே எண்டு, கேக்காமலே பெட்டிப் பாட்டுப் போட்டுக் கலியாணத்த முடிச்சிப்போடுறாங்க. போன கிழமையும் ஒரு வீட்ட அப்பிடித்தான் நடந்திச்சி. இவன் சேட்டுத் தோய்ச்சி மினுக்கி வச்சிட்டு நாள் முழுக்க வாசலப் பாத்துக்கொண்டிருந்தானாம். நீங்க நாலு இடம் போய் வாறவங்க. காணுற ஆக்களிட்டச் சொல்லிவிடுங்க: ஓடாவி வாசிக்கிறான், பயமில்லாம வந்து கேக்கட்டாம்.